இராமலிங்க சுவாமிகள் எழுப்பிய பொதுச்சபை

வெள்ளாற்றங்கரையிலுள்ள பெண்ணாடத்துக்கு இரண்டு பெருமைகள் உண்டு. சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊர் அது என்பது ஒன்று. அங்குள்ள பிரளயகாலேசுவரர் ஆலயத்தின் விமானம், படுத்துறங்கும் யானையின் பின்புறம்போல் வளைந்தமைந்து, தேவார காலத்திலேயே தூங்கானை மாடம் என்று பெயர் பெற்றது என்பது மற்றொன்று. சதுரமல்லாத சுவரின்மீது பாரத்தை ஏற்றி நிலைநிறுத்தும் வித்தை இப்பிரதேசத்துக்குப் புதியதன்று என்பதற்கு அவ்விமானமே சாட்சி.

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் கடந்து கிழக்கே சென்றால் வடலூர் வருகிறது. அங்கும் சதுரமல்லாத கட்டடமொன்று நிற்கிறது. அதை எந்த அரசரும் கட்டவில்லை. எந்தச் சீமானும் தன் பெயர் விளங்கக் கட்டவில்லை. கிராமக் கணக்கர் ஒருவரின் கடைசி மகனாகப் பிறந்து, கையில் பொருளின்றி வாழ்ந்த ஒரு துறவி, தாமே அமைப்பை வகுத்து, ஜனங்களின் உதவியைக்கொண்டு அதை எழுப்பினார். இராமலிங்க சுவாமிகளைக் கவியென்றும் ஞானியென்றும் நமது நாட்டார் போற்றுவது வழக்கம். பொதுஜனங்களுக்கான கட்டடம் எவ்வாறிருத்தல் வேண்டுமென்று சிந்தித்துச் செய்துகாட்டிய நிர்மாணகர் என்ற முறையில் அவருடைய சரித்திரத்தை இன்று நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சிதம்பரத்துக்கு அணித்தாயுள்ள மருதூரில் 1823-ம் வருஷம் அக்டோபர் 5-ந் தேதி, இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாக அவர் பிறந்தார். கைக்குழந்தையாயிருக்கும்போதே தந்தை காலமானார். அன்னையார் மக்களுடன் ஊரைவிட்டுப் பெயர்ந்து, பின்னர் சென்னையில் குடியேறினார். தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவில், ஏழுகிணற்றுப் பகுதியில் சுவாமிகள் வளர்ந்தார். 1858-ல் சென்னையை நீங்கும்வரையில் அந்நகரமே அவருக்கு வாசஸ்தானமாயிருந்தது.

அக்காலத்துச் சென்னையில் பொதுக் கட்டடங்கள் எழத் தொடங்கியிருந்தன. பச்சையப்ப முதலியாரின் தரும நிதியைக்கொண்டு 1850-ல் எஸ்பிளனேடில் ஒரு மண்டபம் எழுந்தது. கிரேக்க தேசத்து ஏதென்ஸ் நகரிலுள்ள பழைய தேவாலயமொன்றைப் பின்பற்றி அதன் தூண்கள் அமைக்கப்பட்டன. கல்விக்கென எழுந்த அக்கட்டடத்தை நாம் குறைகூறப் போவதில்லை. எனினும், பொதுக் கட்டடமென்றால் அந்நிய நாட்டுச் சாயல் வேண்டுமென்ற எண்ணம் படித்தவர் மனத்தில் வேரூன்றிய காலம் அது என்பதை மறத்தலாகாது. அந்நகரிலேயே வளர்ந்த சுவாமிகளோ, தாம் கட்டப்புகுந்த காலத்தில் அவ்வழியைப் பின்பற்றவில்லை.

சென்னையை நீங்கிய அவர், வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஒன்பது வருஷம் தங்கினார். 1865-ல் சன்மார்க்க சங்கத்தை ஸ்தாபித்தார். சாதியும் சமயமும் மனிதரைப் பிரிக்கும் வேலிகள் என்றும், உயிர்களிடத்துக் காட்டும் தயையே கடவுள் வழிபாடு என்றும் போதித்தார். இப்போதனையை ஏட்டோடு நிறுத்தாமல், மண்ணில் ஊன்றிக் காட்ட அவர் முற்பட்டார். பார்வதிபுரமென்று வழங்கிய வடலூர் மக்கள் தங்கள் நிலத்தில் ஏறக்குறைய 80 காணியை, அதாவது நூறு ஏக்கருக்கு மேற்பட்ட வெளியை, மனமுவந்து அவரிடம் ஒப்புவித்தனர்.

அந்நிலத்தில் அவர் முதலில் செய்தது யாது? கோபுரம் எழுப்பவில்லை; மடம் கட்டவில்லை. 1867-ம் வருஷம் மே 23-ந் தேதி அன்னசாலையை ஆரம்பித்து அடுப்பு மூட்டினார். வந்தவர் எக்குலத்தார், எம்மதத்தார், என்ன உண்பவர் என்று வினவாமல், பசித்தவர் என்ற ஒன்றையே தகுதியாகக் கொண்டு அங்கே சோறிடப்பட்டது. பத்து வருஷம் முடியுமுன், 1876 முதல் 1878 வரையில், தாது வருஷப் பஞ்சம் இராஜதானியைச் சூறையாடியது. அதற்கு முன்னரே பசியைப் பொதுக் கவலையாகக் கருதி ஒரு நிலையான ஸ்தாபனம் கண்ட அவருடைய தீர்க்கதரிசனத்தை என்னென்று புகழ்வது! அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை.

நான்கு வருஷங்கள் கழித்தே அவர் சபை கட்டத் தொடங்கினார். 1871-ல் வேலை ஆரம்பமாகி, 1872 ஜனவரி 25-ந் தேதி தைப்பூசத்தன்று முதல் வழிபாடு நடந்தேறியது. சத்திய ஞான சபை என்று பெயர்பெற்ற அக்கட்டடம் எட்டுப் பட்டையாய்த் தெற்கு நோக்கி நிற்பது. சுற்றிலும் சங்கிலி வேலி கொண்டது. உள்ளே விக்கிரகம் இல்லை. வெவ்வேறு வர்ணமுள்ள ஏழு திரைகளும், அவற்றுக்கப்பால் கண்ணாடியும் தீபமுமே உள்ளன. தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் நீக்கி ஜோதி தரிசனம் காட்டப்படுகிறது.

எட்டுப் பட்டை வடிவின் நன்மைகளைக் கட்டடக் கலையறிவு கொண்டு நோக்குவது பயனுடைத்து. சதுரக் கட்டடத்துக்கு நீண்ட சுவர்கள் நான்கு. அவற்றின் நடுப்பகுதிக்குப் பக்கத் துணை இல்லை. அதே அளவுள்ள இடத்தை எட்டுச் சுவர்களால் வளைத்தாலோ, ஒவ்வொரு சுவரும் குறுகுகிறது. குறுகிய சுவரை அண்டைச் சுவர்கள் இரண்டும் தாங்கிக்கொள்கின்றன. கூரையின் எட்டுச் சரிவுகளும் உச்சியில் ஒன்றுகூடுவதால், அதன் பாரமும், சுவர்களை வெளியே தள்ளும் விசையும் சுற்றிலும் பங்கிடப்படுகின்றன. மூலைகள் மழுங்கியிருப்பதால், புயற்காற்று மோதும் வேகமும் ஓரளவு தணிகிறது. கடலூர்க் கரையில் இது சிறு நன்மையன்று. வட்டமாய்க் கட்டினாலும் இந்நன்மைகள் உண்டு. ஆனால் வட்டத்துக்கு வளைந்த மரமும் தேர்ந்த கொத்தரும் தேவை. எட்டுப் பட்டைக்கு நேரான மரமும் உள்ளூர்த் தச்சரும் போதும்.

ஜனங்கள் கூடுமிடம் என்ற நோக்கில் பார்த்தால் இவ்வடிவின் மேன்மை இன்னும் தெளிவாகும். நீண்ட மண்டபத்தில் முன்வரிசை என்றும் பின்வரிசை என்றும் தானே ஏற்பட்டுவிடுகிறது. முன்வரிசை யாருக்கு என்ற வழக்கும் உடன் பிறக்கிறது. எட்டுத் திசையும் ஒத்த கட்டடத்தைச் சுற்றி நிற்போருக்கு அவ்வேற்றுமை குறைகிறது. கொலையும் புலாலும் நீத்தோர் உள்ளே செல்லலாம், ஏனையோர் வெளியே நின்று வழிபடலாம் என்று சுவாமிகள் விதித்தது உண்மையே. ஆனால் அவ்விதி ஒருவன் மேற்கொள்ளும் ஒழுக்கத்தைப் பற்றியது, பிறப்பைப் பற்றியதன்று. பிறப்பினால் அடைக்கப்பட்ட ஆலயக் கதவுகள் நமது மாகாணத்தில் திறப்பதற்கு, மதுரை ஆலயப் பிரவேசம் நடந்த 1939-ம் வருஷம்வரை காத்திருக்க வேண்டியிருந்ததை நினைத்தால், 1872-ல் அவர் செய்ததன் துணிவு விளங்கும்.

இத்தகைய மனிதருக்கு எதிர்ப்பில்லாமல் இருக்குமா? அவருடைய பாடல்களைப்பற்றிய பிணக்கு 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. அதனால் அவர் பணி நிற்கவில்லை. 1870 முதல் மேட்டுக்குப்பத்தில் வசித்தவாறே சபையைக் கட்டி முடித்தார். 1873 அக்டோபரில் அங்கே சன்மார்க்கக் கொடியேற்றினார். 1874 ஜனவரி 30-ந் தேதி தமது அறையினுள் சென்று கதவடைத்துக் கொண்டவரைப் பின்னர் எவரும் கண்டிலர். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

இச்சரித்திரம் இன்றைய விவகாரமொன்றோடும் தொடர்புடையது. சபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் சர்வதேச மையமொன்று அமைக்க, ஏறக்குறைய 100 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசாங்கத்தார் அஸ்திவாரமிட்டனர். அவ்வருஷமே, நிலமளித்தோரின் வழிவந்த பார்வதிபுரத்து மக்கள் அதை எதிர்த்தனர். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. யாத்திரிகருக்கு வசதிகள் வேண்டுமென்ற அரசாங்கத்தாரின் நோக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் வெளி என்பது கட்டடம் எழாத வெற்றிடம் என்று எண்ணுவது பிழை. தைப்பூசத்தன்று திரளும் லட்சக்கணக்கானோரை அச்சிறிய சபை கொள்ளாது. பெருவெளியே அவர்களைக் கொள்ளுகிறது. சபை கருவறையாயின், வெளியே அதன் மகாமண்டபம். நெரிசலின்றி வரவும் போகவும் வழிவிடுவது எந்தப் பொதுக் கட்டடத்துக்கும் முதல் லக்ஷணம். வசதிகளை வேறிடத்தில் அமைக்கலாம். வெளியை வேறிடத்தில் அமைத்தல் இயலாது. ஆகவே அவ்வெளி வெளியாகவே நிற்றல் வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

தேசத் தொண்டர்களுக்கு ஒன்று கூறுவோம். நமது ஊர்களில் மண்டபங்களுக்குக் குறைவில்லை. சாதிக்கொன்றாக அவை பெருகியே வருகின்றன. பளிங்குத் தரையும் மின்விளக்கும் உள்ளன. ஊரார் அனைவரும் ஒருங்கே நுழையும் உரிமைதான் இல்லை. அடுத்த முறை உங்கள் ஊரில் பொதுமண்டபத்துக்கு நிதி திரட்டும்போது, செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் கணக்குப் போடுமுன், அங்கே பசித்தவனுக்குச் சோறு உண்டா, எக்குலத்தானுக்கும் வாயில் உண்டா, திரளும் ஜனங்களுக்கு வெளி உண்டா என்று கேளுங்கள். இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னர் கடைக்கால் தோண்டுங்கள். வடலூரில் சுவாமிகள் வேலை செய்த வரிசை அதுவே.