பெயர் போடாத குரல்



நான் எலக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு. உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. ஆனால் குரலைக் கேட்டிருப்பீர்கள். மூன்று வருடமாக ஆண்டு விழாக் கோரஸில் இடது ஓரமாக நிற்பவன் நான்தான். முன்னால் நிற்பவர் பாட, நாங்க பின்னாடி ஆ... ஆ... போடுவோம். கைதட்டல் அவருக்கு, மைக் ஒயரைச் சுருட்டி வைக்கும் வேலை எங்களுக்கு! போன வருடம் தைரியமாகத் தனிப்பாட்டுக்குப் பெயர் கொடுத்தேன். நான் பாட ஆரம்பித்ததும் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். போதுமடா சாமி என்று உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் மின்னி ரிப்பர்ட்டனின் கதை எனக்குத் தெரிய வந்தது.

மின்னி 1947 நவம்பர் 8 அன்று அமெரிக்காவில் சிகாகோ நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ரயிலில் படுக்கைப் பெட்டிப் பணியாளர். சின்ன வயதிலேயே ஓபரா என்னும் மேற்கத்திய இசை நாடகப் பாட்டை முறையாகக் கற்றார். மூச்சை எப்படிப் பிடிப்பது, எப்படி விடுவது என்பதிலிருந்து பயிற்சி. முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப்பில் நாம் அரம் பிடித்து ராவினோமே, அந்த மாதிரி!

ஆனால் அவர் மனசு பாப் பாட்டுப் பக்கம் சாய்ந்தது. பள்ளி வயதிலேயே தி ஜெம்ஸ் என்ற பெண்கள் குழுவில் சேர்ந்தார். சிகாகோவில் செஸ் என்று ஒரு பெரிய ரெக்கார்டு கம்பெனி. அங்கே ரிசப்ஷனிஸ்ட் வேலையும் பார்த்தார். ஸ்டூடியோவுக்குள் போய் மற்றவர்கள் பாட்டுக்குப் பின்குரலும் கொடுத்தார். 1965இல் ஃபோன்டெல்லா பாஸ் பாடி ஹிட்டான ரெஸ்க்யூ மீ பாட்டில் பின்னால் கேட்கும் குரல்களில் ஒன்று மின்னியுடையது. கேட்டவர்கள் லட்சக்கணக்கில். பெயர் தெரிந்தவர்கள்?

1966இல் முதன்முதலாகத் தனியாகப் பாடினார். பாட்டு, லோன்லி கேர்ள். இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். ரெக்கார்டில் அவர் பெயரே இல்லை! ஆண்ட்ரியா டேவிஸ் என்று போட்டிருந்தது. வழிகாட்டியாக இருந்த தயாரிப்பாளர் பில்லி டேவிஸுக்கு மரியாதையாக வைத்துக்கொண்ட புனைபெயர். பாட்டு நாடளவில் எடுபடவில்லை. தோற்றது ஆண்ட்ரியா டேவிஸ், வலித்தது மின்னிக்கு.

பிறகு ரோட்டரி கனெக்‌ஷன் என்ற குழுவில் சில வருடம் பாடினார். அந்தக் குழுவின் இசையமைப்பாளர் சார்லஸ் ஸ்டெப்னி 1970இல் மின்னியின் சொந்தப் பெயரிலேயே கம் டு மை கார்டன் என்ற ஆல்பத்தைச் செய்து கொடுத்தார். பியானோவில் ராம்சி லூயிஸ், டிரம்ஸில் மாரிஸ் ஒயிட் என்று கூட இருந்தவர்கள் எல்லாம் ஜாம்பவான்கள். என்ன பிரயோஜனம்? ஆல்பம் விற்கவில்லை.

கணவர் ரிச்சர்ட் ருடால்ஃப் பாட்டு எழுதுபவர். இருவரும் ஃபுளோரிடாவில் கெய்ன்ஸ்வில் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். இரண்டு குழந்தைகள், வீடு, சமையல். அவ்வளவுதான் முடிந்தது என்று எவரும் நினைத்திருப்பார்கள். 1973இல் எபிக் கம்பெனியில் பயிற்சிக்கு இருந்த ஒரு கல்லூரி மாணவர் அவரைக் கண்டுபிடித்து, அவர் பாடிய டேப்பைக் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தார். நம்மைப் போல ஒரு மாணவன்! அந்த டேப்தான் அவரை மறுபடி ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தது.

1974இல் பெர்ஃபெக்ட் ஏஞ்சல் ஆல்பம் வந்தது. அதைத் தயாரிப்பதில் துணை நின்றவர் ஸ்டீவி வொண்டர். அவர் வேறு கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருந்ததால் கறுப்புக் காளை என்று பொருள்படும் ஸ்பானியப் புனைபெயரில் மறைந்துகொண்டார். அன்று பெயரை மறைத்துப் பாடியவர் மின்னி. இன்று அவர் பெயர் முன்னால் நிற்க, ஒரு மகா கலைஞர் தன் பெயரை மறைத்துக்கொண்டார்!

அதில்தான் லவ்விங் யூ. மகள் மாயாவைத் தூங்க வைக்கப் பாடிய மெட்டு. டிரம்ஸ் கிடையாது. கிட்டார், எலக்ட்ரிக் பியானோ, ஒரு பறவையின் குரல், அவ்வளவே. நடுவே மின்னி விசில் போல உச்சிக்கு ஏறுவார் பாருங்கள், எது பறவை எது மனுஷி என்றே தெரியாது. அவர் குரல் ஐந்து ஸ்தாயி தொடும் என்பார்கள். ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரண்டு மடங்கு. ஐந்து ஏறினால் 32 மடங்கு. கணக்குப் போட்டுப் பார்த்து அசந்துபோனேன். 1975 ஏப்ரலில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

சந்தோஷம் நிலைக்கவில்லை. 1976இல் மார்பகப் புற்றுநோய். மார்பை அகற்றினார்கள். அப்போதெல்லாம் பெண்கள் வெளியே சொல்லக் கூசிய விஷயம் அது. மின்னி டெலிவிஷனில் உட்கார்ந்து நாடறியச் சொன்னார். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக ஊர் ஊராகப் பேசினார். 1977இல் அந்தச் சங்கத்தின் வீர விருதை ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையால் வாங்கினார். நோய் முற்றிக் கையை அசைக்க முடியாதபோதும் பாடினார். 1979 ஜூலை 12 அன்று மறைந்தார். வயது 31.

பாட்டு முதலிடம் வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் நாலே கால் வருடம்தான் அவருக்குக் கிடைத்த புகழ். அதற்கு முன் பத்து வருடத்துக்கும் மேலாகப் பின்குரல், புனைபெயர், விற்காத ஆல்பம். அன்று விற்காத அந்த ஆல்பத்தின் லே ஃப்ளேர் பாட்டு 2019இல் அஸ் என்ற ஹாலிவுட் படத்தில் ஒலித்தது. 49 வருடம் கழித்து! தோற்ற பாட்டு கெட்டுப்போகவில்லை, காத்திருந்தது.

யூனியன் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலரில் ஆண்டு விழாப் படத்தைப் போடும்போது கோரஸ் பாடியவர்கள், மைக் பிடித்தவர்கள், ஒயர் சுருட்டியவர்கள் எல்லார் பெயரையும் கீழே போடுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

நானும் இந்த வருடம் மறுபடி தனிப்பாட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். தயவுசெய்து டீயை முன்னாடியே குடித்துவிட்டு வாருங்கள்!