864 அணுக்களில் ஒரு திரவம்: யார் இந்த அனீசுர் ரஹ்மான்?

பேட்டரிக்குள் அயனி எப்படி நகரும்? மருந்து மூலக்கூறு புரதத்தில் எங்கே ஒட்டும்? இதையெல்லாம் ஆய்வகத்துக்குப் போகும் முன்பே கம்ப்யூட்டரில் பார்த்துவிட முடிகிறது. குப்பத்தில் இன்ஜினியரிங் படிக்கும் மாணவர்கூட லேப்டாப்பில் சின்ன அளவில் செய்து பார்க்கலாம். இதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர், ஆந்திரா பிரியும்வரை குப்பத்துக்கும் தலைநகராக இருந்த ஹைதராபாத்தில் பிறந்தவர்.

பந்து அல்ல, அணு

1927-ல் பிறந்த அனீசுர் ரஹ்மான், கேம்பிரிட்ஜில் இயற்பியலும் கணிதமும் படித்தார். பெல்ஜியத்தின் லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1960-ல் சிகாகோ அருகே உள்ள ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அதற்கு முன்பே, 1957-ல், ஆல்டரும் வெயின்ரைட்டும் அணுக்களைக் கெட்டிப் பந்துகளாக வைத்து கம்ப்யூட்டரில் மோதவிட்டிருந்தார்கள். ஆனால் நிஜ அணு அப்படி இல்லை. கொஞ்சம் தள்ளி இருந்தால் இழுக்கும், ரொம்ப நெருங்கினால் தள்ளும். இந்த விசையைச் சேர்த்து, திரவ ஆர்கானை கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்ததுதான் ரஹ்மானின் 1964 ஆய்வு.

எப்படிச் செய்தார்?

மொத்தம் 864 அணுக்கள். வெப்பநிலை சுமார் மைனஸ் 179 டிகிரி செல்சியஸ். கருவி, சிடிசி 3600 என்ற கம்ப்யூட்டர். ஒவ்வொரு அணுவின் மீதும் விழும் விசையைக் கூட்டி, நியூட்டன் விதிப்படி அது அடுத்து எங்கே போகும் எனக் கணக்கிட வேண்டும். பிறகு மறுபடியும் அதே கணக்கு. ஒரு நொடியைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி கோடியாக்கினால் கிடைப்பதுதான் ஒரு தாவலின் நேரம்.

864 அணுக்கள் என்றால் 3,72,816 ஜோடிகள். தூரத்து ஜோடிகளின் விசை மிகக் குறைவு என்பதால் அவற்றைக் கணக்கில் விட்டுவிட்டார். சுவரின் பாதிப்பு வராமல் இருக்க, பெட்டியின் வலப்பக்கம் வெளியேறும் அணு இடப்பக்கமாக உள்ளே வரும்படி அமைத்தார். இன்றைய மென்பொருட்களிலும் இந்த இரண்டு உத்திகளும் உண்டு.

அந்த 15 சதவீதம்

விடை வந்ததும் ஆய்வக அளவீடுகளோடு ஒப்பிட்டார். அணுக்கள் ஒன்றையொன்று சூழ்ந்திருக்கும் விதம் நன்றாகப் பொருந்தியது. அவை பரவும் வேகத்தைக் காட்டும் எண் மட்டும் 15 சதவீதம் குறைவு. அந்த வித்தியாசத்தைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதினார். சிமுலேஷனை வெறும் படமாக இல்லாமல் ஒரு சோதனையாக மற்றவர்கள் நம்பக் காரணம், இந்த ஒப்பீடுதான்.

1971-ல் ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து 216 மூலக்கூறுகளைக் கொண்டு தண்ணீரை உருவாக்கிப் பார்த்தார். 1980-ல் பாரினெல்லோவுடன் சேர்ந்து, அழுத்தத்துக்கு ஏற்பப் பெட்டியின் வடிவமும் மாறும் முறையைத் தந்தார். 1987-ல், 59 வயதில் மறைந்தார். கணினி இயற்பியலுக்காக அமெரிக்க இயற்பியல் சங்கம் 1993 முதல் தரும் பரிசு அவர் பெயரில்தான் இருக்கிறது.

குரோமாக்ஸ் மென்பொருளில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முறைகளில் ஒன்றின் பெயர் இன்றும் 'பாரினெல்லோ-ரஹ்மான்'. அதைத் தேர்வு செய்து ரன் கொடுப்பவர்கள், ரிப்போர்ட்டில் கலர் படத்துக்குப் பக்கத்திலேயே அளவீட்டோடு எவ்வளவு வித்தியாசம் என்ற எண்ணையும் போடலாம். ரஹ்மான் 1964-லேயே போட்டுவிட்டார்.