சமையற்கட்டுப் பாத்திரங்களை வரைந்த ஓவியர் ஷார்டேன்

சித்திரப் பாடத்தில் மேசைமீது ஒரு குவளையையும் இரண்டு பழங்களையும் வைத்து வரையச் சொன்னால், நம் மாணவர்களுள் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. அரசரையும் வீரரையும் வரையவே அவர்கள் ஆசைப்படுகின்றனர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரெஞ்சு நாட்டு அரச கலைக்கழகத்தாரும் இவ்வாறே எண்ணினர். புராண, வரலாற்றுக் காட்சிகளைத் தீட்டுவோருக்கு அங்கு முதலிடம். அசையாப் பொருள்களை வரைவோருக்குக் கடையிடம். அக்கடையிடத்தில் இருந்தே பெரும்புகழ் எய்திய ழான் சிமெயோன் ஷார்டேன் என்பாரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

ஷார்டேன் 1699ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பாரீஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் மரத்தச்சர், பில்லியர்ட்ஸ் மேசைகள் செய்வதில் வல்லவர். பிள்ளைகள் பலராதலின் மகனுக்கு இலத்தீன் முதலிய உயர்கல்வியை அளிக்க அவரால் இயலவில்லை. இக்குறை ஷார்டேனின் நெஞ்சில் இறுதிவரை இருந்தது.

காஸ் என்னும் ஓவியரிடம் அவர் முதலில் பயிற்சி பெற்றார். ஆசிரியர் வரைந்தவற்றைப் பார்த்துப் பார்த்து வரைவதே அங்குப் பாடம். பின்னர்க் குவாபெல் என்பாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வேட்டைக்காரர் ஒருவரின் படத்தில் துப்பாக்கியை மட்டும் வரையுமாறு குவாபெல் பணித்தார். அத்துப்பாக்கியை எங்கு வைப்பது, அதன்மீது ஒளி எப்பக்கம் விழவேண்டும் என அவர் எடுத்துக்கொண்ட கவலையைக் கண்டு இளைஞர் வியந்தார். ஒரு பொருளைக் கண்ணால் நேரே காண்பது எத்துணைக் கடினம் என்பதை அன்றுதான் அவர் உணர்ந்தார்.

1728ஆம் ஆண்டில் தம் படங்கள் சிலவற்றைக் கலைக்கழகத்தின் முன்னறையில் வைத்தார். வயிறு கிழிக்கப்பட்டுத் தொங்கும் திருக்கை மீனின் படமும் அவற்றுள் ஒன்று. மூத்த ஓவியர் ஒருவர் அவற்றைப் பழைய பிளெமிய ஓவியர் எவரோ தீட்டியவை என்றே எண்ணிப் புகழ்ந்தாராம். செப்டம்பர் 25ஆம் நாள் ஷார்டேன் கலைக்கழக உறுப்பினரானார்.

அவர் மிகமிக மெதுவாக வரைபவர். செப்பு நீர்த்தொட்டி, மண்சட்டி, வெங்காயம், முட்டை ஆகியவையே அவருடைய பொருள்கள். நம் வீட்டு அடுப்படியிலும் இவை உள்ளனவே! வெள்ளிக் குவளையை வரைந்தால், அருகிலுள்ள ஆப்பிளின் சிவப்பு அக்குவளையில் மங்கலாகத் தெரிவதையும் தீட்டினார். அருகில் நின்றால் வண்ணத்திட்டுகளே தெரியும். சற்றே பின்வாங்கினால் பொருள் உருப்பெறும். இதனை அறிஞர் திதரோ வியந்து எழுதியுள்ளார்.

1735இல் முதல் மனைவியார் காலமானார். பணிப்பெண்கள், சிறுவர் ஆகியோரின் அன்றாடச் செயல்களையும் அக்காலத்தில் அவர் தீட்டினார். 1740இல் பதினைந்தாம் லூயி மன்னரைக் காணும் பேறு பெற்றார். 1755இல் கலைக்கழகப் பொருளாளரானார். இரண்டாண்டுகளில் லூவர் அரண்மனையிலேயே குடியிருக்க இடமும் கிடைத்தது.

இத்துணைச் சிறப்பும் பெற்றவர் தம் மகனை மட்டும் தம் வழியில் விடவில்லை. தமக்குக் கிடைக்காத உயர்கல்வியை அவனுக்கு அளித்தார். வரலாற்று ஓவியனாக உயரவேண்டும் என விரும்பினார். மகன் 1754இல் முதற்பரிசு பெற்று, பின்னர் ரோமாபுரிக்கும் சென்றான். ஆயினும் எடுத்த பணி கைகூடவில்லை. வெனிஸ் நகரில் நீரில் மூழ்கித் தந்தைக்கு முன்னரே மாண்டான் என்பர். கடையிடத்தின் தாழ்வை அறிந்த தந்தை மகனுக்கு முதலிடத்தை விரும்பியதில் வியப்பில்லை. எனினும், ஒரு துப்பாக்கியின்மேல் விழுந்த ஒளியைக் கூர்ந்து நோக்கிய கண், மகனின் மனத்தை நோக்கத் தவறியதோ என நமக்குத் தோன்றுகிறது.

முதுமையில் எண்ணெய் வண்ணம் அவருடைய கண்ணுக்கு ஒவ்வாமற்போயிற்று. அவர் ஓயவில்லை, வண்ணக்கோல்களை எடுத்து, மூக்குக் கண்ணாடி அணிந்த தம் முகத்தையே வரைந்தார். 1779 டிசம்பர் 6ஆம் நாள் காலமானார்.

அவர் தீட்டிய படங்களுள் ஒன்றில், கூடையிற் குவித்த காட்டு ஸ்ட்ராபெரிப் பழங்களும் ஒரு குவளை நீரும் இரண்டு வெள்ளைப் பூக்களும் உள்ளன. 2022ஆம் ஆண்டில் அது 2 கோடியே 40 இலட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போயிற்று. நாட்டைவிட்டுப் போகாதவாறு அதனை லூவர் அருங்காட்சியகமே 2024இல் வாங்கிக்கொண்டது. அதற்கு நன்கொடை அளித்தோருள் ஆயிரக்கணக்கான பொதுமக்களும் இருந்தனர்.