தேய்மானம் சொன்ன பாடம்: சர் ஜான் சார்ன்லி



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று நானும் நினைத்ததுண்டு. பேரிங் பாடம் நடத்தும்போது எங்கள் ஆசிரியர், மனுஷன் இடுப்பிலும் ஒரு பேரிங் இருக்கிறது என்றார். பந்தும் கிண்ணமும் போன்ற மூட்டு அது. அதற்கு மாற்று செய்தவர் யார் என்று நூலகத்தில் தேடியபோது கிடைத்தவர்தான் சர் ஜான் சார்ன்லி.

1911-ல் இங்கிலாந்தில், லங்காஷயரைச் சேர்ந்த பரி என்ற ஊரில் பிறந்தார். மான்செஸ்டரில் மருத்துவம் படித்து எலும்பு மருத்துவரானார். பிளாஸ்டிக் பந்து பொருத்தப்பட்ட ஒரு நோயாளியின் இடுப்பு, அவர் அசையும்போதெல்லாம் கிரீச்சென்று சத்தம் போட்டதாம். இது மருந்தில் தீராது, உராய்வைக் குறைக்க வேண்டும் என்று சார்ன்லிக்குப் பட்டது.

உராய்வு மிகக் குறைந்த பொருள் டெஃப்லான். அதில் கிண்ணம் செய்து, எஃகுப் பந்தை அதற்குள் உட்கார வைத்தார். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் மூன்று நான்கு வருஷத்தில் கிண்ணம் தேய்ந்துவிட்டது. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள சதையைக் கெடுத்தன. உராய்வு குறைவு என்றால் தேய்மானமும் குறைவு என்று அர்த்தமில்லை! சுமார் 300 பேருக்கு அந்தக் கிண்ணம் வைத்திருந்தார். தோல்வியை அவர் மறைக்கவில்லை. மறுபடி அறுவை செய்யும் பாரத்தைத் தாமே சுமந்தார். டெஃப்லான் துகளைத் தன் தொடையிலேயே செலுத்தி என்ன ஆகிறது என்று பார்த்தார்.

1962 மே மாதம். லங்காஷயர் தறிகளுக்குப் பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்கும் ஒருவர் பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார். ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவருடைய பட்டறையைக் கவனித்த ஹாரி க்ரேவன் சும்மா இருக்கவில்லை. சார்ன்லி வெளிநாடு போயிருந்த நேரத்தில் அதைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். ராப்பகலாக மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுகூட அது தேயவில்லை.

திரும்பி வந்த சார்ன்லி அளவைப் பார்த்தார். தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். பெரிய டாக்டர் சொன்னதா, பட்டறைக்காரர் செய்ததா என்று கௌரவம் பார்க்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் புதிய கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார். ஆனாலும் அவசரப்படவில்லை. முதலில் சூடுபட்டவர் அல்லவா! பல வருஷம் விளைவைக் கவனித்த பிறகுதான் மற்ற மருத்துவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கவிட்டார். 1977-ல் சர் பட்டம் பெற்றார். 1982-ல் மறைந்தார்.

அவர் பாடத்தை உலகம் முழுதாகக் கற்றுக்கொண்டதா? உலோகத்தின் மேல் உலோகம் உரசும் ஒரு வகை மூட்டு 2010-ல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அங்கேயும் துகள்தான் வினை.

என் அப்பா விசைத்தறித் தொழிலாளி. தேய்ந்த பல்சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முணுமுணுப்பார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். டிப்ளமாதானே என்று யாராவது சொன்னால் முன்பு தலை குனிவேன். இப்போது க்ரேவனை நினைத்துக்கொள்கிறேன். நண்பர்களே, யார் சொன்னாலும் சரி, இயந்திரத்தில் மாட்டி ஓட்டிப் பார்ப்போம். அளவு பேசட்டும்!

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்