நிக்கொதேமு

யூதப் பெரியோர் அனைவரும் இயேசு பெருமானை ஒருமித்துப் பகைத்தனர் என எண்ணுதல் பிழையாம். அவர்தம் நடுவே இருந்த நிக்கொதேமு என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறுவோம்.

இவர் பரிசேயர், மறைநூல் வல்ல ஆசிரியர், எருசலேமில் நீதி செலுத்திய ஆலோசனைச் சங்கத்தார். கி.பி. 18 முதல் ஏறக்குறைய 36 வரை காய்பா பிரதான ஆசாரியராய் இருந்த காலம் அது. பெருமான் ஆலயத்து வணிகரைத் துரத்தியபின், இவர் ஓரிரவு அவரை நாடி வந்தார். மறுபிறப்பைக் குறித்த போதனை விளங்காது மயங்கினார்.

ஓய்வுநாளில் பிணி தீர்த்தமையால் பகை முற்றிற்று. சங்கத்தார் பெருமானைப் பிடிக்கத் துணிந்தபோது, விசாரியாது தீர்ப்பிடுதல் நியாயப்பிரமாணத்திற்கு அடுக்குமோ என இவர் ஒருவரே வினவினார். இகழ்ச்சியே விடையாயிற்று. ஊரார் பெருமானைப் பின்பற்றின், உரோமர் வந்து நாட்டை அழிப்பர் என்னும் அச்சமும் பின்னர்த் தலைவர்களைப் பற்றிற்று. ஒருவர் மடியக் குடிகள் பிழைப்பது நலமெனக் காய்பா துணிந்தார்.

பெருமான் சிலுவையில் உயிர் நீத்த மாலையில், அரிமத்தியா யோசேப்பு உடலைக் கேட்டுப் பெற்றார். நிக்கொதேமுவும் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொணர்ந்தார். இருவரும் யூத முறைப்படி உடலைச் சீலைகளில் சுற்றி, புதுக் கல்லறையில் அடக்கஞ் செய்தனர்.

இருளில் வந்தவர் பகலில் வெளிப்பட்டார். ஆயின், அதற்குள் காக்கவேண்டிய உயிர் பிரிந்துவிட்டது. அன்று சங்கத்தில் எழுந்த அந்த ஒரு வினாவே இவருக்கு அழியாப் புகழ். கற்ற நாமும் நீதியை உள்ளத்தில் ஒளித்து வையாது, உரிய பொழுதிலேயே அவைநடுவே உரைப்போமாக.