கைகளால் கார் ஓட்டிய ஜனாதிபதி

அமெரிக்க மக்கள் ஒரே மனிதரை நான்கு முறை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பெயர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். இரண்டாவது உலக மகா யுத்தத்தில் ஹிட்லரை எதிர்த்து நின்ற தலைவர்களில் ஒருவர். ஆனால் பிறர் துணையின்றி எழுந்து நிற்க அவரால் முடியாது! அவருடைய இரண்டு கால்களும் செயலற்றுப் போனவை.

அப்படிப்பட்டவர் தம்முடைய காரைத் தாமே ஓட்டினார். எப்படி?

தாய்க்கு ஒரே பிள்ளை

ரூஸ்வெல்ட் 1882-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி நியூயார்க் மாகாணத்தில் உள்ள ஹைடு பார்க் என்ற ஊரில் பிறந்தார். பெரிய பணக்காரக் குடும்பம். தாய்க்கு அவர் ஒரே பிள்ளை. சட்டம் படித்து வக்கீல் ஆனார். 1913-ல் கடற்படை இலாகாவில் உயர்ந்த பதவி கிடைத்தது. 1920-ல் உப ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றார்.

மறு ஆண்டு ஆகஸ்டு மாதம், குடும்பத்துடன் ஒரு தீவுக்கு ஓய்வெடுக்கப் போனார். ஒரு நாள் குளிர் நடுக்கத்துடன் படுத்தார். சில நாட்களில் கால்கள் அசையவே இல்லை. அப்போது அவருக்கு வயது 39.

இளம்பிள்ளை வாதம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். (அது வேறொரு நரம்பு நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் சில டாக்டர்கள் கருதினார்கள்.)

அரசியலை விட்டுவிட்டு மகன் வீட்டோடு இருக்கவேண்டும் என்று தாயார் விரும்பினார். மனைவி எலினார் அதற்குச் சம்மதிக்கவில்லை. ரூஸ்வெல்ட்டும் மூலையில் முடங்க விரும்பவில்லை.

சமையல்கட்டு நாற்காலி

அந்தக் காலத்துச் சக்கர நாற்காலிகள் பெரியவை, கனமானவை. குறுகிய வாசலில் நுழையாது. ரூஸ்வெல்ட் ஒரு யோசனை செய்தார். கைப்பிடி இல்லாத சாதாரண சமையல்கட்டு நாற்காலியின் அடியில் சக்கரங்களைப் பொருத்தச் செய்தார். அது எந்த வாசலிலும் நுழைந்தது. சிறிய இடத்திலும் திரும்பியது.

1924-ல் ஜார்ஜியா மாகாணத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே வெந்நீர் ஊற்று உண்டு. அந்தத் தண்ணீரில் அவரால் நிற்க முடிந்தது! 1926-ல் அந்த இடத்தையே விலைக்கு வாங்கினார். தம்மைப்போல் வாதத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அங்கே சிகிச்சை நிலையம் அமைத்தார்.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தழைக்கத் தொடங்கிய காலம் அது.

பழைய போர்டு கார்

ஊற்றுக்கும் வீட்டுக்கும் போய்வர எப்போதும் இன்னொருவர் கையை எதிர்பார்ப்பது ரூஸ்வெல்ட்டுக்குப் பிடிக்கவில்லை. பழைய போர்டு கார் ஒன்றை வாங்கினார்.

அந்த மாடலில் ஒரு வசதி இருந்தது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே உள்ள கைப்பிடியால்தான். காலால் மிதிக்க வேண்டியவை மூன்று பெடல்கள் மட்டுமே. அவற்றையும் கையால் இயக்குவதற்கு உள்ளூர் ஆளைக் கொண்டு நெம்புகோல்கள் பொருத்தச் செய்தார். கார் தயார்! அவரே ஓட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார்.

வழியில் விவசாயிகளைக் கண்டால் காரை நிறுத்துவார். காரில் உட்கார்ந்தபடியே கஷ்ட நஷ்டங்களை விசாரிப்பார். கிராமத்து வீடுகளில் மின்சாரம் இல்லை. இருக்கும் இடத்திலும் கட்டணம் அதிகம். இதை அவர் நேரில் அறிந்துகொண்டார். ஜனாதிபதி ஆனபிறகு, 1935-ல், கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தனி இலாகாவையே ஏற்படுத்தினார்.

சர்ச்சிலின் பயம்

1933-ல் ஜனாதிபதி பதவி ஏற்ற பிறகும் கார் ஓட்டுவதை அவர் விடவில்லை. 1939-ல் இங்கிலாந்து மன்னரும் ராணியும் ஹைடு பார்க் வந்தபோது, அவர்களை உட்காரவைத்து அவரே ஓட்டினார்.

1942-ல் பிரிட்டிஷ் பிரதம மந்திரி சர்ச்சில் வந்தார். ஹட்சன் நதிக்கு மேலே உள்ள செங்குத்தான கரை ஓரத்தில் ரூஸ்வெல்ட் காரை நிறுத்துவதும் திருப்புவதுமாக இருந்தார். கைப்பிரேக் பிடிக்கவேண்டுமே என்று சர்ச்சில் உள்ளூரப் பயந்தார். தம் புஜத்தைத் தொட்டுப் பார்க்கும்படி சொன்னார் ரூஸ்வெல்ட். அது இரும்புபோல் இருந்தது.

யுத்தம் முடியும் முன்பே, 1945 ஏப்ரல் 12-ந் தேதி, வார்ம் ஸ்பிரிங்சில் அவர் காலமானார். இளம்பிள்ளை வாத ஆராய்ச்சிக்காக அவர் தொடங்கிய நிதி தடுப்பு மருந்து பிறக்க உதவியது. அதன் வெற்றி, அவர் இறந்து சரியாகப் பத்து ஆண்டு கழித்து, அதே தேதியில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இயற்கையான வைரஸால் வரும் அந்த நோய் 2011-க்குப் பிறகு இல்லை.

நம் ஊரில்

நோய் போயிற்று, விபத்துகள் போகவில்லை. பட்டாசு ஆலை விபத்திலும் சாலை விபத்திலும் அடிபட்டவர்கள் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இருக்கிறார்கள். கால் இழந்தவர் வண்டி வாங்கும்போது ரூஸ்வெல்ட் செய்ததையே செய்யவேண்டும். தம்மிடம் மிஞ்சியிருக்கும் பலம் எது என்று பார்த்து, அதற்கு ஏற்ற வண்டியைத் தேடவேண்டும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம், பிரேக் இரண்டும் கையிலேயே இருக்கின்றன. பின்னால் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் வைத்தால், காலை ஊன்றாமல் ஓட்டலாம். கார் வேண்டுமென்றால், கியர் தானாக மாறும் காரில் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒரு கைநெம்புகோலில் இணைக்கலாம். ஆனால் தீயில் வெந்து விரல் மடங்காதவர் ஸ்கூட்டர் கைப்பிடியைத் திருகச் சிரமப்படுவார். அவர் வாங்குவதற்கு முன்பே பிடித்துத் திருகிப் பார்க்கவேண்டும். நாற்காலியிலிருந்து வண்டிக்கு மாறி உட்கார முடிகிறதா, நாற்காலியை வண்டியில் வைக்க இடம் உண்டா என்பதையும் கவனிக்கவேண்டும். வண்டியில் செய்த மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதியவேண்டும்.

கால்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைத் தமிழக அரசு இலவசமாகவே வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

ரூஸ்வெல்ட் முதலில் ஓட்டியது ஜனாதிபதியின் கார் அல்ல. யாரோ ஓட்டிப் பழசான கார். அதைத் தம் உடம்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். அதில் ஏறித்தான் வெளியே வந்தார்.