குறிப்பேட்டில் தொடங்கிய புரட்சி

கணினி நிரலாளர் ஒவ்வொருவரிடமும் ஒரு சேமிப்பு உண்டு. ஏற்கெனவே எழுதிச் சரிபார்த்த நிரல் வரிகள், மென்பொருளை நிறுவும்போது செய்ய வேண்டிய அமைப்புகள், பிழை நேர்ந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் எனச் சிறுசிறு குறிப்புகளை அவர் தொகுத்து வைத்திருப்பார். இந்தப் பழக்கத்துக்கு வயது ஏறத்தாழ எண்பது. தனிமனிதரின் குறிப்பேட்டுக்குள் கிடந்த அதனை ஒரு துறைக்கே பொதுச் சொத்தாக்கியவர்களுள் முதன்மையானவர் கிரேஸ் ஹாப்பர்.

1906 டிசம்பர் 9-இல் நியூயார்க்கில் பிறந்த ஹாப்பர், 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாஸர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் சேர விரும்பினார். உடல் எடை போதாது என்று தடை எழுந்தது. விடாது முயன்று, விலக்குப் பெற்று, 1943 இறுதியில் சேர்ந்தார். மறு ஆண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவார்டு ஐக்கன் தலைமையில் இயங்கிய 'மார்க் 1' கணிப்பொறிக்கு அனுப்பப்பட்டார்.

51 அடி நீளமுள்ள அந்த இயந்திரத்துக்குத் துளையிட்ட காகித நாடா மூலம் கட்டளைகள் தரப்பட்டன. ஹாப்பரும் உடன் பணியாற்றியோரும், சரியாக இயங்கிய கட்டளைத் தொடர்களைத் தத்தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டனர். தேவைப்பட்டபோது ஒருவர் ஏட்டிலிருந்து மற்றவர் படியெடுத்தார். நேரம் மிச்சமானது, புதிய சிக்கலும் பிறந்தது. படியெடுக்கும்போது ஓர் இலக்கம் மாறினாலும் விடை பிழையாகும். ஒரு துணைநிரலை வேறொரு நிரலில் சேர்க்கும்போது, அதிலுள்ள முகவரி எண்கள் அனைத்தையும் கையால் கூட்டி மாற்ற வேண்டியிருந்தது. கணிதம் கற்றவர்களும் இதில் தவறினார்கள்.

1949-இல் எக்கர்ட் - மாக்லி நிறுவனத்தில் சேர்ந்த ஹாப்பர், 'யுனிவாக்' கணிப்பொறிக்கான பணியில் ஈடுபட்டார். படியெடுப்பதும் கூட்டுவதும் இயந்திரத்தின் வேலை. அதை மனிதர் ஏன் செய்ய வேண்டும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. துணைநிரல்களை ஒரு நாடாவில் பதிந்து, நூலகப் புத்தகங்களுக்கு இடுவதுபோல ஒவ்வொன்றுக்கும் அழைப்பு எண் கொடுத்தார். நிரலாளர் எண்களைக் குறிப்பிட்டால் போதும். இயந்திரமே துணைநிரல்களை எடுத்து, முகவரிகளைத் திருத்தி, ஒரே நிரலாகக் கோத்துவிடும். 1952-இல் செயல்பட்ட இந்த 'ஏ-0' முறையே கம்பைலர் என்னும் தொகுப்பியின் முன்னோடி. தொகுத்ததால்தான் அதற்கு அந்தப் பெயர்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் துணைநிரல் நூலகம் அமைத்து, 1951-இல் அதை விளக்கி நூலும் வெளியிட்டிருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஹாப்பரின் முயற்சிக்கு வரவேற்பு உடனே கிடைக்கவில்லை. கணிப்பொறி கணக்கிடும் கருவி மட்டுமே, அது நிரல் எழுதாது என்று பலர் நம்பினர். தங்கள் திறமைக்கு மதிப்புக் குறையும் என்று நிரலாளர் சிலர் அஞ்சினர். அவர் பின்வாங்கவில்லை. அடுத்து வந்த 'ஏ-2' தொகுப்பியின் மூல நிரலையே வாடிக்கையாளர்களுக்கு அளித்து, அவர்கள் செய்யும் திருத்தங்களை அனுப்புமாறு அவரது குழு கேட்டுக்கொண்டது. ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடும் 'ஃப்ளோ-மேட்டிக்' மொழியையும் அக்குழு உருவாக்கியது. 1959-இல் வடிவமைக்கத் தொடங்கிய 'கோபால்' மொழிக்கு அதுவே முக்கிய அடிப்படையாயிற்று.

நிலத்தையோ இயந்திரத்தையோ ஒருவர் பயன்படுத்தும்போது அது மற்றவருக்குக் கிடைப்பதில்லை. அறிவு அத்தகையதன்று, பகிர்வதால் அது குறைவதில்லை என்பது பொருளியல் பாடம். ஆனால், பிழையும் அதே எளிமையுடன் பரவும் என்பதை ஹாப்பரின் அனுபவம் உணர்த்துகிறது.

கடற்படையில் ரியர் அட்மிரலாக உயர்ந்து, 1986-இல் தமது 79-ஆவது வயதில் ஓய்வு பெற்ற ஹாப்பர், 1992 ஜனவரி 1-இல் மறைந்தார். இன்று நிரல் வரிகளைப் படியெடுக்க ஒரு நொடி போதும். கை தவறி இலக்கம் மாறும் அச்சமும் இல்லை. ஆனால், அந்த வரிகள் எந்தச் சூழலுக்காக எழுதப்பட்டவை, யார் சரிபார்த்தவை, இப்போதும் பொருந்துமா என்ற கேள்விகளுக்கு விடை தேடும் பொறுப்பு இன்னும் மனிதரிடமே இருக்கிறது. குறிப்பு சேர்க்கும் இளைஞர்கள் இவற்றையும் உடன் எழுதி வைக்கட்டும். அடுத்தவருக்கும் பயன்படும் சேமிப்பு அதுவே.